முதல் கூட்டை விடாத சுருளி

மீனும் நண்டும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், இன்று காரை ஊரைச் சுற்றிச் செம்மண் ஓடைகள் பிளந்து கிடக்கிற இடமெல்லாம் கடல். பெரிய ஆழம் இல்லை. மூன்று பனைமர உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். சூரியன் உச்சிக்கு வந்தால் வெளிச்சம் அடிமணல்வரை இறங்கும். மழைக்காலத்தில் மேற்கேயிருந்து ஆற்றுத் தண்ணீர் சிவப்பாக வந்து கலக்கும். அங்கே இருந்தவர்கள் அதை வைத்துத்தான் வருடத்தை எண்ணினார்கள்.

அந்தக் கடலில் கூட்டுக்காரர்கள் என்றொரு இனம் வாழ்ந்தது. கணவாய்க்கு இருப்பதுபோல நிறையக் கைகள், பெரிய கண்கள், உடம்பை மூடி ஒரு கூடு. அந்தக் கூடு ஆட்டுக்கொம்பின் நுனிபோலக் கொஞ்சம் வளைந்த ஒற்றை அறை. உள்ளே இருப்பவர் வளர வளரக் கூடு இறுக்கும். அப்போது நண்டு ஓட்டைக் கழற்றுவதுபோல அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிதாக வேறொன்று கட்டிக்கொள்வார்கள்.

அவர்களில் இரண்டு குடிகள். வரிக்குடியில் பிறந்த பிள்ளையின் முதல் கூட்டில் மூன்று மெல்லிய வரிகள் ஓடும். முளைக்குடிப் பிள்ளையின் முதல் கூட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன முளைகள் இருக்கும். சுண்டைக்காய் அளவுள்ள அந்த முதல் கூட்டில் மட்டும்தான் இந்த அடையாளம். பிறகு கட்டுகிற கூடெல்லாம் அவரவர் வசிக்கிற தண்ணீரைப் பொறுத்தது. அலை மோதுகிற இடத்தில் இருந்தால் தடித்த கூடு, அமைதியான இடத்தில் இருந்தால் வழவழப்பான கூடு. வளர்ந்த ஒருவரைப் பார்த்து இன்ன குடி என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதுதான். எல்லோரும் நம்பினார்கள்.

பிள்ளைக்கு ஐந்து மழைக்காலம் முடிந்ததும் முதல் கூட்டைக் கழிப்பார்கள். கிழக்கே தரை சரிந்து இறங்குகிற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதற்குக் கழிபள்ளம் என்று பெயர். உச்சிப்பொழுதில் பிள்ளையை அங்கே கூட்டிப்போவார்கள். கூட்டைவிட்டு வெளியே வரும்போது பிள்ளை வெறும் சதையாக, தோலே இல்லாததுபோல நடுங்கும். தாய் தன் கைகளால் அதைப் பொத்திக்கொள்வாள். கொளஞ்சி என்கிற பூசாரி அந்தச் சின்னக் கூட்டை எடுத்துப் பள்ளத்தில் போட்டு, "உன்னுது உனக்கு, எங்களுது எங்களுக்கு" என்பார். பிறகு யாரும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் நடந்தது. யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

வரிக்குடியில் செல்லியாயி என்றொருத்தி இருந்தாள். புருஷனைப் பல்லன் என்கிற ஒரு பெரிய மீன் கடித்துக் கொண்டுபோய்விட்டது. பவளாயி என்று ஒரு மகள். அவளுடைய முதல் கூட்டைக் கழித்து நான்கு நாளில் செல்லியாயிக்கு ஒரு மகன் பிறந்தான். பிறந்தபோது தன் கூட்டுக்குள் கண்ணுக்கே தெரியாத அளவு இருந்தான். பவளாயி அவனைத் தன் கை நுனியில் ஏந்திப் பார்த்துவிட்டு, "அம்மா, இது உப்பும்மா, உப்புக்கல்லும்மா" என்று சிரித்தாள். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் சிவப்புத் தண்ணீர் வேகமாக வந்தது. பவளாயியை அது இழுத்துக்கொண்டு கிழக்கே போனது. செல்லியாயி ஒன்பது நாள் தேடினாள். கிடைக்கவில்லை. உப்பு கைக்குழந்தையாக இருந்ததால் வீட்டுக்குத் திரும்பினாள்.

நான்கு வருடம் போனது. உப்புக்கு ஐந்தாவது மழைக்காலம் முடிந்தது. அந்த வருடம்தான் கழிபள்ளம் நிரம்பியது. எத்தனையோ தலைமுறையாகப் போட்ட கூடுகள் விளிம்புவரை வந்துவிட்டன. கொளஞ்சி பூசாரி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இனிமே வேற இடம் பாக்கணும்போல" என்றார். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள் உச்சிப்பொழுதில் செல்லியாயி வீட்டு வாசலில் ஒரு குமரிப் பெண் வந்து நின்றாள். வழவழப்பான பெரிய கூடு. கைகளை மடக்கி வைத்திருந்தாள்.

"அம்மா."

செல்லியாயி நிமிர்ந்து பார்த்தாள். குரல் தெரிந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"நான்தாம்மா. பவளாயி."

செல்லியாயி பாய்ந்து எழுந்தாள். ஓடிப்போய் அத்தனை கைகளாலும் கட்டிக்கொண்டாள். "எங்கடி போயிருந்த? எங்கல்லாம் தேடுனேன் தெரியுமா? சாப்பிட்டியா? எப்படி வளந்துட்ட!" என்று எதையெல்லாமோ கேட்டாள். கட்டிக்கொண்டபோது மகளின் கூடு ஊறிய சேறுபோலக் கொஞ்சம் அமுங்கியது. தூரத்திலிருந்து வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பவளாயிக்கு எல்லாம் நினைவிருந்தது. அப்பா ஊதுகிற குமிழி, வாசல் பாறையின் ஓட்டை, தான் ஒருமுறை நண்டிடம் மாட்டிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். செல்லியாயி அழுதுகொண்டே கேட்டாள். அப்போது வெளியே விளையாடப் போயிருந்த உப்பு உள்ளே வந்தான்.

பவளாயி அவனையே பார்த்தாள். "யாரும்மா இவன்?"

"என்னடி இப்படிக் கேக்குற? உப்புடி. உன் தம்பி. நீதான பேரு வச்ச?"

"ஆமா" என்றாள் பவளாயி. அவன் கூட்டைப் பார்த்தபடி, "இன்னும் முதல் கூட்டுலதான் இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான். வர்ற பௌர்ணமி அன்னிக்குக் கழிக்கணும்."

"பௌர்ணமி" என்று பவளாயி மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று முதல் அவள் வீட்டிலேயே இருந்தாள். சாப்பாடு வைத்தால் அப்புறம் என்பாள். உப்பு எங்கே போனாலும் அவள் கண் கூடவே போகும். தினமும் ஒரு தடவையாவது, "பௌர்ணமிக்கு இன்னும் எத்தனை நாளும்மா?" என்று கேட்பாள். உப்பு அவள் பக்கத்தில் போகவே இல்லை. "அந்த அக்காவுக்குள்ள யாரும் இல்லம்மா" என்றான் ஒருநாள். செல்லியாயி அவனை அதட்டினாள். ஆனால் அன்று இரவு அவனைத் தன் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள்.

அதற்குள் வேறு வீடுகளிலும் ஆட்கள் வந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில்தான் முதலில் வந்தார்கள். எல்லோரும் உச்சிப்பொழுதில் வந்தார்கள், எல்லோரும் வளர்ந்திருந்தார்கள், எல்லோருக்கும் வழவழப்பான கூடு. அந்தந்த வீட்டில் சிரிப்பும் அழுகையுமாக இருந்தது. ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்காரரிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசினால் போய்விடுவார்களோ என்று பயந்தார்களோ என்னவோ. வந்தவர்கள் மட்டும் தினமும் உச்சிப்பொழுதில் வாசலுக்கு வந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், கழிபள்ளம் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள்.

செல்லியாயியின் பக்கத்து வீட்டில் மருதை என்கிற முளைக்குடிக்காரர் இருந்தார். அவருக்கு ஒரே மகன் கலியன், கல்யாண வயது வந்தவன். அவனைப் பெற்ற அன்றே அவன் தாய் இறந்துபோனாள். மருதை அவனைத் தனியாளாக வளர்த்தார். கலியன் இரை தேடி வடக்கே போனால் வர ஐந்தாறு நாள் ஆகும். அந்த முறை மூன்றாம் நாளே வந்துவிட்டான். மருதைக்குச் சந்தோஷம். இரண்டு நாள் அப்பாவும் மகனும் உட்கார்ந்து பழங்கதையெல்லாம் பேசினார்கள். மருதை பேசினார், அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆறாம் நாள் உச்சிப்பொழுதில் கலியன் வாசலில் வந்து நின்றான். உள்ளே ஒரு கலியன் உட்கார்ந்திருந்தான்.

மருதையின் கூச்சல் கேட்டுச் செல்லியாயி ஓடினாள். இரண்டு கலியனும் எதிரெதிரே நின்றார்கள். ஒரே உயரம். ஒரே கூடு. ஒரே குரல்.

"அப்பா, இது யாருப்பா?" என்றான் வாசலில் நின்றவன்.

"அப்பா, இது யாருப்பா?" என்றான் உள்ளே இருந்தவன்.

மருதை இருவரையும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார். அம்மா பெயர் கேட்டார். போன மாதம் எங்கே அடிபட்டது என்று கேட்டார். இரண்டு பேரும் சரியாகச் சொன்னார்கள். இரண்டு நாளாகத் தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் உள்ளே இருப்பவனுக்குச் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வாசலில் நின்றவன் கோபத்தில் உள்ளே பாய்ந்து மற்றவனைத் தள்ளினான். தள்ளப்பட்டவன் அழுதான்.

அந்த அழுகையைத்தான் மருதையால் தாங்க முடியவில்லை. சின்ன வயதில் கலியன் அழுததுபோலவே இருந்தது அது. "அடிக்கிறவன் என் மகன் இல்ல. வெளிய போ!" என்று வாசலில் நின்றவனைப் பார்த்துக் கத்தினார்.

"அப்பா..."

"போடா!"

வாசலில் நின்றவன் பின்வாங்கினான். பிறகு திரும்பிக் கிழக்கே போனான். சரிவைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான். செல்லியாயி அதைப் பார்த்தாள்.

அவளுக்கு ஒன்று உறைத்தது. கலியன் சாகவில்லை, தொலையவில்லை. அவனுக்கே ஒருவன் வந்துவிட்டான் என்றால், வருகிறவர்கள் செத்தவர்கள் இல்லை. வேறு எதுவோ. வீட்டுக்கு வந்து பவளாயியின் முன்னால் உட்கார்ந்தாள்.

"பவளாயி, உன் முதல் கூட்டைக் கழிச்ச அன்னிக்கு நான் உன்னை எப்படித் தூக்கிட்டு வந்தேன்னு சொல்லு."

"தெரியாதும்மா."

"அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் சொன்னியே?"

"அதெல்லாம் தெரியும். நீ என்னை விட்டுட்டுப் போனதுக்கு அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

செல்லியாயி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "நான் எங்கடி உன்னை விட்டுட்டுப் போனேன்?"

"பள்ளத்துல" என்றாள் அவள். கோபமில்லை அந்தக் குரலில். குழந்தைக் குரலாக மாறியிருந்தது. "அவளை மட்டும் தூக்கிக்கிட்ட. திரும்பிக்கூடப் பாக்கல. உள்ள ஆளே இல்லாம எத்தனை நாள் கிடக்குறது? கீழ இருட்டு இருந்துச்சு. அது உள்ள வந்து உக்காந்துக்கிச்சு. ஆனா அது சூடா இல்லம்மா. பள்ளம் நிறைஞ்சதும் மேல வந்தோம். சேத்தைப் பூசிக்கிட்டு உங்களை மாதிரி பெருசா ஆனோம்."

"உனக்கு என்ன வேணும்?"

"உப்பு வெளிய வருவான்ல, கூடு இல்லாம. அப்ப எங்கள்ல யாராவது ஒருத்தருக்குள்ள வந்துட்டா போதும். அவனைப் பத்திரமா வச்சுக்குவோம்."

செல்லியாயி எழுந்து உப்பைத் தூக்கிக்கொண்டு பூசாரி வீட்டுக்குப் போனாள். பௌர்ணமிக்கு ஒரு நாள்தான் இருந்தது. கொளஞ்சி எல்லாவற்றையும் கேட்டார். அவர் முகம் இருண்டது.

"பள்ளத்துக்குக் கொண்டுபோக வேணாம். வீட்டுலயே கழிச்சிடலாம்."

"அவ வீட்டுலதான் இருக்கா ஐயா. ஊர்ல எந்த வீட்டுல அவங்க இல்ல? எங்க கழிச்சாலும் அவன் கூடில்லாம ஒரு பொழுது நிக்கணுமே."

"கழிக்காம இருக்க முடியாதும்மா. ரெண்டு நாள் தள்ளிப்போனா கூடு நெஞ்சை நெரிச்சுக் கொன்னுடும். என் கண்ணால பாத்திருக்கேன்."

உப்பு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். செல்லியாயி அவன் கூட்டைத் தடவிப் பார்த்தாள். விளிம்பில் ஒரு தழும்பு தட்டுப்பட்டது. போன வருடம் ஒரு மீன் அந்த இடத்தைக் கடித்து உடைத்தது. பத்து நாளில் அவனே உடம்பிலிருந்து ஊறலை விட்டு அதை அடைத்துவிட்டான்.

"உப்பு, இதை நீ எப்படிடா ஒட்டுன?"

"ஒட்டணும்னு நெனச்சேம்மா. ஊறிச்சு."

"அதே மாதிரி விளிம்பு பூரா ஊற விட முடியுமா? கூடு முன்பக்கமா நீளணும். நீ கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நகந்து உக்காரணும். வெளிய வரக்கூடாது."

"அப்ப பின்னாடி?"

"பின்னாடி காலியா விடக்கூடாது. ஆளில்லாத இடத்துலதான் அவங்க வர்றாங்க. நகந்ததும் பின்னாடி ஒரு சுவர் வச்சிடு."

கொளஞ்சி தலையை ஆட்டினார். "இந்த மாதிரி யாரும் செஞ்சதில்ல செல்லி."

"தெரியும் ஐயா." அவள் மகனின் கண்களுக்கு நேராகக் குனிந்தாள். "உப்பு, நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு உன்னைச் சுத்தி நிறையப் பேர் வருவாங்க. வெளிய வா, வெளிய வான்னு கூப்புடுவாங்க. அக்கா கூப்புடுவா. நான் கூப்புடுற மாதிரியும் கேக்கும். பொழுது சாயுற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேன். எந்தக் குரல் கேட்டாலும் அது நான் இல்ல. உன் கூட்டைச் சுத்தி என் கை இருக்கும். அது மட்டும்தான் நான். புரியுதா?"

"வலிக்குமாம்மா?"

"வலிக்கும்" என்றாள் செல்லியாயி.

மறுநாள் அவள் மகனைத் தன் வீட்டு நடுவில் வைத்துச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சி வாசலில் காவல் இருந்தார். சூரியன் உச்சிக்கு ஏற ஏற வெளிச்சம் தண்ணீரில் இறங்கியது. எல்லா வீட்டிலிருந்தும் அவர்கள் எழுந்து வந்தார்கள். கொளஞ்சியால் தடுக்க முடியவில்லை. அவரைத் தொடக்கூட இல்லை, அவரைச் சுற்றி வழிந்து உள்ளே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளத்திலிருந்து இன்னும் எத்தனையோ பேர். சேறு பூசிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் சுண்டைக்காய் அளவிலேயே உருண்டு வந்தவர்கள் வாசல் மணலில் பரல்போலக் கிடந்தார்கள். எல்லோரும் மெதுவாக, குழந்தைக் குரலில் பேசினார்கள்.

"உப்பு, வெளிய வா. இறுக்குதுல்ல? வந்துட்டா வலிக்காது."

கூட்டுக்குள் உப்பு நெளிந்தான். செல்லியாயியின் கைக்கு அது தெரிந்தது.

பவளாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நீ என்கிட்ட பேசும்மா. அவனைக் கேக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை பேசு. நான் உன் பொண்ணோட கூடுதானே. அஞ்சு வருஷம் அவளை நான்தானே வச்சிருந்தேன்? அவ நெஞ்சு அடிச்சதெல்லாம் எனக்குக் கேட்டுச்சு. அந்த நெஞ்சு இப்ப எங்கயும் இல்ல. என்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு தடவை பவளாயின்னு கூப்புடும்மா."

செல்லியாயியின் கண்கள் நிறைந்தன. வாயைத் திறந்தால் உப்பு அந்தக் குரலை நம்பிவிடுவான். பல்லைக் கடித்துக்கொண்டு கையை மட்டும் இறுக்கினாள்.

அப்போது வாசல் மணலிலிருந்து ஒரு சின்னக் கூடு நகர்ந்து முன்னால் வந்தது. மூன்று வரிகள் ஓடிய, மிகப் பழைய கூடு. "செல்லி" என்று கூப்பிட்டது. செல்லியாயிக்கு அந்தக் குரல் முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது அவளுடைய குரல். ஐந்து வயதில் அவள் பேசிய குரல்.

"என்னை மறந்துட்டியா செல்லி? நீ திரும்பிப் பாப்பன்னு நானும் காத்துக்கிட்டு இருந்தேன்." அவள் பேச மாட்டாள் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டு உப்பின் பக்கம் திரும்பியது. திரும்பும்போதே குரல் வளர்ந்தது, தாயின் குரலாக ஆனது. "உப்பு, என் தங்கமே. போதும்டா. முடிஞ்சிருச்சு. எல்லாரும் போயிட்டாங்க. அம்மா சொல்றேன், வெளிய வா."

உப்பின் கைகள் கூட்டின் வாயில் எட்டிப் பார்த்தன.

செல்லியாயி தன் கையால் அவன் கூட்டை ஒருமுறை அழுத்தினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. எட்டிப் பார்த்த கைகள் அப்படியே நின்றன. நெடுநேரம் நின்றன. பிறகு மெதுவாக உள்ளே போயின.

உள்ளே உப்பு ஊறலை விட்டான். விளிம்பு ஒரு நெல் அகலத்துக்கு நீண்டது. உடம்பை முன்னால் இழுத்து உட்கார்ந்தான். நெஞ்சு கொஞ்சம் லேசானது. உடனே முதுகுக்குப் பின்னால் குளிர்ந்தது. அவன் இத்தனை வருடம் இருந்த இடம் இப்போது காலி. அங்கேயிருந்து யாரோ, "உப்பு" என்று கூப்பிடுவதுபோல இருந்தது.

அம்மா சுவர் வைக்கச் சொல்லியிருந்தாள். வைத்தான். முழுவதும் அடைக்கப்போகும்போது அவனுக்கு மனம் வரவில்லை. அடைத்துவிட்டால் அந்த இடமும் பள்ளத்தில் கிடப்பது மாதிரிதானே என்று நினைத்தான். தன் வால் நுனியை நூல்போல இழுத்து, சுவரில் ஒரு சின்னத் துளை விட்டு, அதன் வழியே பழைய இடத்திலேயே விட்டுவைத்தான். குளிர் போய்விட்டது. அந்த இடம் இன்னும் அவனுடையதாகவே இருந்தது. அதில் ஆள் இருந்தது.

மறுபடி விளிம்பை நீட்டினான். நேராக நீட்டினால் முதல் இடம் பின்னால் தனியாக நின்றுபோகும் என்று அதைச் சுற்றி வளைத்துக்கொண்டே கட்டினான்.

வெளியே குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சூரியன் சாய்ந்து வெளிச்சம் சிவந்தபோது ஒருவரும் பேசவில்லை. அவர்கள் காத்திருந்த உடம்பு வெளியே வரவே இல்லை. பூசிக்கொண்ட சேறு கரையத் தொடங்கியது. பவளாயியின் முகம் முதலில் கலைந்தது. கடைசியாக அவள், "அவனைத் தனியா விட்டுடாதம்மா" என்றாள். அது கெஞ்சலா, எச்சரிக்கையா என்று செல்லியாயிக்குச் சாகும்வரை புரியவில்லை. சேறு சரிந்த இடத்தில் மூன்று வரிகள் ஓடிய சுண்டைக்காய் அளவுக் கூடு ஒன்று கிடந்தது. செல்லியாயி அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "பவளாயி, பவளாயி" என்று அப்போதுதான் அழுதாள்.

பக்கத்து வீட்டில் மருதை ஓலமிடுவது கேட்டது. அவர் மடியில் கிடந்த மகன் சேறாகக் கரைந்து, நடுவில் முளை வைத்த சின்னக் கூடாக மிஞ்சியிருந்தான். மருதை அதைக் கைகளுக்கிடையில் வைத்துக்கொண்டு செல்லியாயி வீட்டுக்கு வந்தார்.

"செல்லி, அப்ப நான் துரத்துனது?"

அவள் அவர் கையிலிருந்த கூட்டைப் பார்த்தாள்.

"திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான் மாமா."

மருதை அப்படியே கிழக்கே கிளம்பினார். சரிவைத் தாண்டி அவர், "கலியா, கலியா" என்று கூப்பிட்டுக்கொண்டு போவது வெகுநேரம் கேட்டது. அவரும் திரும்பி வரவில்லை, கலியனும் திரும்பி வரவில்லை.

உப்பு பிழைத்துக்கொண்டான். வருடத்துக்கு வருடம் ஒரு சுவர் வைத்தான், ஒரு சுற்று வளர்ந்தான். ஒவ்வொரு சுவரையும் துளைத்துக்கொண்டு அந்த நூல் அவனுடைய முதல் இடம்வரை போய்க்கொண்டிருந்தது. அவனுக்குப் பிறகு எந்தத் தாயும் பிள்ளையைக் கழிபள்ளத்துக்குக் கூட்டிப்போகவில்லை. இளையவர்கள் எல்லோரும் அவனைப்போலவே சுருண்டு வளர்ந்தார்கள். கூட்டுக்காரர்கள் என்கிற பெயர் போய்ச் சுருளிகள் என்கிற பெயர் வந்தது. வாசலில் யாராவது வந்து நின்று, "நான் இன்னார்" என்றால், ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், குரலைக் கேட்க மாட்டார்கள். பக்கவாட்டில் திரும்பச் சொல்லி, சுருளின் நட்டநடுவில் தெரிகிற பிள்ளைக்கூட்டை உற்றுப் பார்ப்பார்கள். வரி இருக்கிறதா, முளை இருக்கிறதா என்று பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள்.

பிறகு கடல் பின்வாங்கியது. சுருளிகள் மண்ணுக்குள் போய்க் கல்லானார்கள். மழை பெய்து காரையின் செம்மண் கரைகிறபோது இன்றும் அவர்கள் வெளியே வருகிறார்கள். படித்தவர்கள் அவர்களை அம்மோனைட் என்கிறார்கள். வெளிச்சுற்றை மட்டும் பார்த்தால் இரண்டு குடிக்காரர்கள் ஒன்றுபோலவே இருப்பார்கள், பார்க்கிறவர் ஏமாந்துபோவார். கல்லானதில் நடுப்பகுதி மூடிப்போயிருக்கும், அதனால் வெளிச்சுற்றுகளை ஒவ்வொன்றாக உரித்து, உள்ளே, இன்னும் உள்ளே போய், நடுவில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கூட்டைக் கண்ட பிறகுதான் இன்னார் இன்ன குடி என்று எழுதுகிறார்கள். செல்லியாயி வாயைத் திறக்காமல் மகனைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு பகலிலிருந்துதான் சுருளிகள் தங்கள் முதல் கூட்டை எங்கேயும் விட்டுவிட்டுப் போவதில்லை.